பஜ்ஜி மாவு சிவந்து போனது: மஞ்சள் தூளில் கலப்படமா, சோடாவின் வேலையா?

வாழைக்காய்ப்பிரியன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை வாழைக்காய் பஜ்ஜி போடுவதற்காகக் கடலை மாவும் அரிசி மாவும் எடுத்து, அம்மாவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத மிளகாய்த்தூளை விட்டுவிட்டு, மிளகுத்தூள், பெருங்காயம், உப்பு ஆகியவற்றோடு அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளும் சேர்த்துக் கரைத்து வைத்திருந்தேன். எண்ணெய் காய்ந்த பிறகுதான் ஆப்பச் சோடா போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவசரத்தில் ஒரு சிட்டிகைக்குப் பதிலாக ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி விழுந்துவிட்டது. சோடா கட்டியாக விழுந்த இடங்களில் எல்லாம் மாவு செங்கல் நிறமாக மாறியது. பொரித்தெடுத்தபோது அந்தத் திட்டுகள் இன்னும் அடர்ந்த சிவப்பாகத் தெரிந்தன.

இதைப் பார்த்த என் மைத்துனர், மஞ்சள் தூளைச் சோப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்து அது சிவந்தால் ரசாயனம் கலந்த தூள் என்று பொருள் என்று விளக்கும் காணொளி ஒன்றைக் குடும்பக் குழுவில் அனுப்பினார். வீட்டிலிருந்த தூளைச் சோப்புத் தண்ணீரில் போட்டேன், சிவந்தது. பொட்டலத்தைக் குப்பையில் போட எடுத்துச் சென்றபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டியது. அந்தக் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தபோதும் அது இப்படித்தான் சிவந்தது. அந்தச் சமையற்கூடத்திலும் இதே கலப்படத் தூளா? சந்தேகத்தில் கறையின் மீது எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தேன். உடனே பழைய மஞ்சள் நிறத்துக்குத் திரும்பியது.

இது கலப்படந்தானா, அந்தப் பஜ்ஜிகளைத் தின்ற எங்களுக்கு ஏதேனும் கெடுதல் உண்டா, எலுமிச்சை ஏன் நிறத்தைத் திருப்பிக் கொடுத்தது என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். வேட்டிக் கறையைப் போக்கும் வழி தெரிந்தவர்கள் அதையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சோதனைக்குழாய் எழுதியது:

பொட்டலத்தைக் குப்பையில் போடாமல் நிறுத்திக்கொண்டது நல்லது. சோடா பட்டதும் சிவக்காமல் இருந்திருந்தால்தான் அது மஞ்சள்தானா என்று நீங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்தக் காணொளி உண்மையைத் தலைகீழாகச் சொல்லுகிறது.

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருளின் பெயர் குர்க்குமின். வோகல், பெல்லத்தியே என்ற இருவர் 1815-ஆம் ஆண்டிலேயே இதைப் பிரித்தெடுத்தார்கள் என்றாலும், அதன் மூலக்கூறு அமைப்பு 1910-இல்தான் தெளிவாயிற்று. மூலக்கூறின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு வளையம் உண்டு. அவ்விரண்டையும் ஏழு கரிம அணுக்கள் கொண்ட சங்கிலி ஒன்று இணைக்கிறது. ஒரு வளையத்திலிருந்து மற்றொரு வளையம் வரை ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதால், எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்காமல் மூலக்கூறின் நீளம் முழுவதும் பரவி நிற்கின்றன. அப்படிப் பரவிய எலக்ட்ரான்கள் ஏறக்குறைய 425 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள ஊதாவும் நீலமும் சேர்ந்த ஒளியை விழுங்கிவிடுவதால், எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

காரம், அதாவது சோடா, சோப்பு, சுண்ணாம்பு போன்ற அமிலத்துக்கு எதிரான பொருள், சேரும்போது இந்த மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. அவை விட்டுச் சென்ற எதிர்மின்சுமையும் அந்தப் பரப்பில் கலந்துகொள்வதால், விழுங்கப்படும் ஒளி நீலத்திலிருந்து பச்சையின் பக்கம் நகர்கிறது. பொருள் சிவப்பாகத் தெரிகிறது. எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் கழன்ற ஹைட்ரஜன் அயனிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, நிறமும் திரும்பிவிடுகிறது. பள்ளியில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோன நாட்களில், வடிதாளை மஞ்சள் கரைத்த சாராயத்தில் நனைத்து நிழலில் உலர்த்தி, துண்டு துண்டாக வெட்டி மாணவர்களுக்குக் கொடுத்து வகுப்பை நடத்தியிருக்கிறேன். அமிலத்தையும் நடுநிலையையும் அது வேறுபடுத்திக் காட்டாது. காரத்தை மட்டும் தவறாமல் காட்டிக் கொடுக்கும்.

அளவைச் சொல்வதானால், பி.எச். மதிப்பு (ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏழரையைத் தாண்டும்போது சிவப்பு எட்டிப்பார்க்கத் தொடங்கி, ஒன்பதை நெருங்கும்போது நன்றாகத் தெரியும். ஆப்பச் சோடா கரைந்த நீர் 8.3 அளவில் நிற்கும். சோப்பு நீர் 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீரோ 12-ஐயும் தாண்டிவிடும். மாவில் லேசாகத் தெரிந்த சிவப்பு எண்ணெயில் அடர்ந்துபோனதற்கும் காரணம் உண்டு. ஆப்பச் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அது சூடேறும்போது கரியமில வாயுவையும் நீரையும் வெளியிட்டுவிட்டு, நம் வீடுகளில் சலவைச் சோடா என்று சொல்லும் சோடியம் கார்பனேட்டாக மாறுகிறது. இது முன்னதைக் காட்டிலும் பலமான காரம். மோரோ தயிரோ புளித்த மாவோ இருந்திருந்தால் அதிலுள்ள லாக்டிக் அமிலம் சோடாவைச் செலவழித்திருக்கும். உங்கள் மாவில் புளிப்பு என்று சொல்ல எதுவுமே இல்லாததால், விழுந்த சோடா பெரும்பாலும் சோடாவாகவே எண்ணெய்க்குள் போயிருக்கிறது.

தின்றதால் கெடுதல் இல்லை. சோப்பைக் கடித்தது போன்ற ஒரு வழவழப்பும் கசப்பும் இருந்திருக்கும். ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவில் 1200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது என்பதையும், ஒரு நாள் முழுவதற்குமே 2000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் கை அளவைக் கட்டுப்படுத்திக்கொள்வது நல்லது.

பகுப்பாய்வுமேசை எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன வேதியியலில் மாற்றுக் கருத்து இல்லை. நான் பல ஆண்டுகள் உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை செய்தவன் என்ற முறையில், அவருடைய பதிலைப் படிப்பவர்கள் "சிவந்தால் சுத்தமான தூள்" என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். சிவந்தது என்றால் அதில் குர்க்குமின் இருக்கிறது என்பது மட்டுமே தெரிகிறது. வேறு எதுவும் இல்லை என்பது அதனால் தெரியாது. பாதி மஞ்சளும் பாதி அரிசி மாவும் கலந்த தூளும் சிவக்கத்தான் செய்யும்.

மஞ்சளில் நிறத்துக்காகச் சேர்க்கப்படும் பொருள்களில் இரண்டைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் கவலைப்படுவோம். ஒன்று மெட்டானில் மஞ்சள் என்னும் செயற்கைச் சாயம். உணவில் இதற்கு அனுமதி இல்லை. இது நீரில் கரையும். ஒரு கண்ணாடிக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டி தூளைக் கலக்காமல் மெதுவாகத் தூவிவிட்டுக் காத்திருந்தால், குர்க்குமின் நீரில் கரையாத பொருள் என்பதால் நல்ல மஞ்சள் அடியில் தங்கி மேல்நீர் இளமஞ்சளாக இருக்கும். சாயம் கலந்திருந்தால் நீர் முழுவதும் அடர் மஞ்சளாகிவிடும். ஆய்வகத்தில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளி விட்டுப் பார்ப்போம். வலிமையான அமிலத்தில் சுத்தமான மஞ்சளும் சற்றுச் சிவக்கும். நீர் ஊற்றியதும் அந்த நிறம் மறைந்துவிடும், மெட்டானில் மஞ்சளின் இளஞ்சிவப்போ மறையாது. பல காணொளிகள் முதல் பாதியை மட்டும் காட்டிவிட்டு நீர் ஊற்றும் இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றன. உங்கள் மைத்துனர் அனுப்பிய காணொளியில் உள்ள குழப்பமும் இப்படிப்பட்ட ஒரு சோதனையை அரைகுறையாகக் கேட்டதிலிருந்து பிறந்திருக்கலாம். அடர் அமிலத்தை வைத்துச் செய்யும் இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம்.

மற்றொன்று ஈயக் குரோமேட். வண்ணப்பூச்சில் பயன்படும் பளிச்சென்ற மஞ்சள் நிறமி இது. நீரில் கரையாது, மிகவும் கனமானது, எனவே குவளைச் சோதனையில் சமர்த்தாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சோப்புச் சோதனையிலோ குர்க்குமினின் சிவப்பு அதை மறைத்துவிடும். வீட்டில் செய்யும் எந்தச் சோதனையையும் நம்பி இதை இல்லையென்று சொல்ல முடியாது. வங்கதேசத்தில் வெள்ளத்தால் நிறம் மங்கிய மஞ்சள் கிழங்குகளைப் பளபளப்பாக்கத் தொடங்கிய பழக்கம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்து, மக்களின் இரத்தத்தில் ஈயம் சேர்வதற்கு ஒரு முக்கியக் காரணமாகியிருந்தது 2019-இல் வெளிவந்த ஆய்வுகளால் தெரிந்தது. அந்நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சந்தைகளில் எக்ஸ் கதிர்க் கருவிகளை வைத்துச் சோதித்து, கலப்படம் செய்தவர்களுக்குத் தண்டம் விதித்ததன் பயனாக, 2019-இல் சந்தை மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் காணப்பட்ட அந்த நஞ்சு 2021-இல் எடுத்த மாதிரிகளில் இல்லாமலே போயிற்று.

முழு விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொண்டால் கலப்படப் பயமே இல்லை என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே நிறமி பூசப்பட்டது தூளில் அல்ல, கிழங்கின் மேல்தோலில். பளபளப்பைப் பார்த்து வாங்காமல், சற்று மங்கலாகவும் மண்ணின் சாயலோடும் இருக்கும் கிழங்கை வாங்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்வது ஓரளவு பாதுகாப்பு. நம் நாட்டு விதிப்படி தூளில் நிறப்பொருள் நூற்றுக்கு 2 பங்குக்குக் குறையக் கூடாது, ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மிகக் கூடாது, ஈயக் குரோமேட் அறவே இருக்கக் கூடாது.

குங்குமச்சிமிழ் எழுதியது:

வேட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்லுகிறேன். சோப்புப் போட்டதும் சிவந்துவிட்டதே என்று பயந்து எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தால் நிறம் மாறுமே ஒழியக் கறை போகாது. சாம்பார்க் கறையில் தாளித்த எண்ணெய்தான் மஞ்சளைச் சுமந்துகொண்டு நூலுக்குள் போகிறது. முதலில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு வெதுவெதுப்பான நீரில் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுங்கள். பிறகு சாதாரணமாகத் துவைத்து, நன்றாக அலசி, ஈரத்தோடேயே உச்சி வெயிலில் கறை மேலே தெரியும்படி விரித்துப் போடுங்கள். பருத்தியாக இருந்தால் இரண்டு மூன்று வெயிலில் தடம் தெரியாமல் போய்விடும். மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டப்பாக்களையும் நான் இப்படித்தான் வெளுக்க வைக்கிறேன். புதுத்துணியின் ஓரத்தில் தீபாவளிக்கு வைக்கும் மஞ்சள் பொங்கலுக்குள் காணாமல் போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஆசிரியர் ஐயாவிடம் எனக்கு ஒரு சந்தேகம். மணமக்களுக்குச் சுற்றும் ஆலத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது நீங்கள் சொன்ன காரத்தின் வேலை என்று புரிகிறது. அதை முன்கூட்டியே கரைத்து வைத்தால் நிறம் செத்துவிடும் என்று என் மாமியார், மாப்பிள்ளை வண்டி தெருமுனைக்கு வந்த பிறகுதான் சுண்ணாம்பைச் சேர்க்க விடுவார். ஆனால் நான் வீட்டில் குங்குமம் செய்வது வேறு முறை. மஞ்சள் துண்டுகளை, வெங்காரமும் (போராக்ஸ்) படிகாரமும் கரைத்த எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, கடைசியில் சிறிது நல்லெண்ணெய் விட்டுப் பிசிறி வைப்பேன். அந்தச் சிவப்பு மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது. எலுமிச்சை சிவப்பை மஞ்சளாக்கிவிடும் என்றால், எலுமிச்சைச் சாற்றிலேயே ஊறிய மஞ்சள் சிவப்பது எப்படி?

சோதனைக்குழாய் எழுதியது:

பகுப்பாய்வுமேசை நண்பர் என் பதிலில் இருந்த ஓட்டையைச் சரியாகவே அடைத்துவிட்டார். "மஞ்சள்தானா" என்ற கேள்விக்கும் "மஞ்சள் மட்டுந்தானா" என்ற கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

குங்குமச்சிமிழ் அம்மா கேட்ட கேள்வி நான் பாடம் நடத்திய காலத்தில் ஒரு மாணவராவது கேட்க மாட்டாரா என்று எதிர்பார்த்த கேள்வி. ஆலத்தின் சிவப்பும் குங்குமத்தின் சிவப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேதியியலில் வேறு வேறு. ஆலத்தில் குர்க்குமின் ஹைட்ரஜன் அயனியை இழந்து நிற்கிறது, அவ்வளவுதான்; அமிலம் வந்தால் திரும்பிவிடும். குங்குமத்தில் சிவப்பைத் தருவது வெங்காரத்தில் உள்ள போரான். குர்க்குமின் சங்கிலியின் நடுவில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இடுக்கியைப் போலப் போரான் அணுவைப் பற்றிக்கொள்கின்றன. அமிலச் சூழலில், நீர் வற்ற வற்றத்தான் இந்தப் பிடிப்பு நிகழும். எனவே உங்கள் முறையில் எலுமிச்சை தடையாக நிற்காமல் துணையாக வேலை செய்கிறது. நிழலில் நிதானமாக உலர்த்துவதும் காரணமில்லாமல் ஏற்பட்ட வழக்கம் அல்ல. இரண்டு குர்க்குமின் மூலக்கூறுகள் ஒரே போரான் அணுவைப் பற்றும்போது உண்டாகும் செந்நிறப் பொருளுக்கு ரோசோசயனின் என்று பெயர். பாலிலும் பிற உணவிலும் போரிக் அமிலம் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் மஞ்சள் தாளை அமிலம் சேர்த்த மாதிரியில் நனைத்து உலர்த்துவதும் இதே வேதியியல்தான். தாள் செம்பழுப்பாகி, அம்மோனியா பட்டதும் கரும்பச்சையானால் போரான் உண்டு என்று பொருள். வெங்காரம் நெற்றிக்கு உரியது. உணவில் சேர்க்கக் கூடாதது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்திருங்கள்.

உங்கள் மாமியார் சொன்னதும் முழு உண்மை. காரத்தில் குர்க்குமின் நிறம் மாறுவதோடு நிற்காமல் உடையவும் தொடங்குகிறது, பி.எச். 7.2 உள்ள வெதுவெதுப்பான கரைசலில்கூட அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது என்றால், சுண்ணாம்பில் அதன் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலும் அதையே செய்கிறது. எந்த ஒளியை விழுங்குவதால் அது மஞ்சளாகத் தெரிகிறதோ அந்த ஒளியே, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, வளையங்களை இணைக்கும் சங்கிலியை அறுத்துவிடுகிறது. அறுந்த துண்டுகளுள் ஒன்று வனிலின், அதாவது ஐஸ்கிரீமில் நாம் முகரும் வனிலா வாசனைப் பொருள். வேட்டியில் அந்த மணம் வீசும் அளவுக்கு இருக்காது. துண்டுகளுக்கு நிறம் இல்லை, அதனால் கறை மறைந்ததாகத் தெரிகிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை. கறைக்கு எலுமிச்சை பிழிந்தவர் அடுத்து வெளுப்புத் திரவத்தைத் தேடக்கூடும். சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள வெளுப்புத் திரவத்தோடு எலுமிச்சை, வினிகர், கழிப்பறை கழுவும் அமிலம் ஆகிய எதுவும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். வெளுப்புத் திரவம்தான் தேவை என்றால், எலுமிச்சையை முழுவதும் அலசிவிட்டுத் தனியாகப் பயன்படுத்துங்கள். பட்டு, கம்பளி ஆகியவற்றின் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

வாழைக்காய்ப்பிரியன் எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. கறை இருந்த வேட்டியைக் குங்குமச்சிமிழ் அம்மா சொன்னபடி துவைத்து மொட்டை மாடியில் போட்டேன். மைத்துனரை நம்பவைக்க வேண்டும் என்பதால் கறையின் ஒரு பாதியின் மேல் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை தட்டை எடுத்தபோது, வெயில் பட்ட பாதி வெளுத்திருந்தது. தட்டுக்கு அடியில் இருந்த பாதி மஞ்சளாகவே இருந்தது, விளிம்பின் வளைவுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அதைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறேன். மைத்துனர் இன்னும் பதில் சொல்லவில்லை.

குவளைச் சோதனையில் எங்கள் வீட்டுத் தூள் அடியில் தங்கிவிட்டது, மேல்நீர் இளமஞ்சளாகத்தான் இருந்தது. ஈயத்தைப் பற்றி அதனால் ஒன்றும் தெரியாது என்று பகுப்பாய்வுமேசை நண்பர் எழுதியிருப்பதால், பொட்டலம் தீர்ந்ததும் மங்கலான விரலி மஞ்சளாக வாங்கிக் கழுவி அரைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு, நாற்பது வருடங்களுக்கு முன்பு தான் அதைத்தான் செய்துகொண்டிருந்ததாகவும், பொட்டலத் தூள் வாங்கும் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்தான் என்றும் சொன்னார்.

நேற்று மறுபடியும் பஜ்ஜி. இந்த முறை இரண்டு கரண்டி புளித்த மோர் விட்டு, சோடாவை ஒரு சிட்டிகை மட்டும், அதுவும் சிறிது நீரில் கரைத்து ஊற்றினேன். ஒரு திட்டுக்கூட இல்லை. மோரின் புளிப்பு லேசாகத் தெரிகிறது என்று மட்டும் மனைவி சொன்னார். அடுத்த முறை ஒரு கரண்டி போதும் போலிருக்கிறது.